மிஞ்சிய உணவு தானமாவது எப்போது?

இல்லறத்தில் வாழும் சிராவக சிராவகியர்க்கு நாள்தோறும் உரிய கடமைகள் ஆறு. தேவபூஜை, குருபக்தி, சாஸ்திர வாசிப்பு, தன்னடக்கம், தவம், தானம் என்பன அவை. இவற்றுள் இறுதியாக நிற்கும் தானத்தை ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நான்காகப் பகுத்து நம் பெரியோர் கூறினர். பசித்தவனுக்கு மருந்தும் நூலும் பயன்படா. ஆதலின் ஆகாரதானமே ஏனைய மூன்றுக்கும் அடிப்படை எனலாம். இவ்விதழில் ஆகாரதானத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பாடமாகப் பயில்வோம். திருமணம், பஞ்சகல்யாணம், திருவிழா முதலிய நாட்களில் நம் பந்திகளில் மிஞ்சும் உணவை வறியவர்க்குச் சேர்ப்பது பற்றியதே இப்பாடம்.

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது வீடுகளில் வீணானதாகும். இந்த இழப்பைப் பொருளாதார இழப்பாக மட்டும் பிறர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணி நிற்றல் இயலாது. குப்பையில் கொட்டிய உணவு அழுகுங்கால் எண்ணற்ற நுண்ணுயிர்கள் அதில் தோன்றி மடிகின்றன. அதை விளைவிக்கவும் சமைக்கவும் நேர்ந்த ஹிம்சையோ பயனின்றி நேர்ந்ததாகிறது. ஆகவே உணவு வீணாதல் நமக்கு அஹிம்சை பற்றிய வினாவுமாகும்.

எனினும் மிஞ்சியதை எவருக்கேனும் கொடுத்துவிட்டால் அது தானமாகிவிடுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

ஆதிபகவன் வரலாறு காட்டும் உண்மை

அட்சய திருதியை நாளின் வரலாற்றை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். விருஷபதேவர் துறவு மேற்கொண்டு ஆறு மாத உபவாசம் முடித்தபின் ஆகாரத்தின் பொருட்டு ஊர்கள்தோறும் எழுந்தருளினார். மக்கள் மகிழ்ந்து எதிர்கொண்டனர். யானைகளையும் குதிரைகளையும் கொணர்ந்தனர். ஆடை அணிகலன்களைக் காலடியில் வைத்தனர். ஆனால் ஒரு வேளை உணவை முறைப்படி அளிக்க எவரும் அறிந்திலர். பகவானும் ஏதும் ஏற்காமல் மாதக்கணக்கில் நடந்தார். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரர், முற்பிறப்பில் தாம் முனிவர்க்கு ஆகாரமளித்த நினைவு வரப்பெற்றுக் கரும்புச்சாற்றை முறைப்படி அளித்தார்.

இவ்வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோம். அந்நாட்டில் உணவுக்குப் பஞ்சமில்லை. கொடுக்கும் மனத்துக்கும் பஞ்சமில்லை. கொள்பவரோ கண்முன்னே நின்றார். இருந்தும் உணவு சேரவில்லை. எதை, எவ்வாறு கொடுப்பது என்னும் அறிவு ஒன்றே அங்கு இல்லாதிருந்தது. இன்று ஒரு திருமண மண்டபத்தில் அண்டா நிறையச் சோறு மிஞ்சி நிற்க, ஒரு கல் தொலைவில் மருத்துவமனைத் திண்ணையில் ஒருவர் பசியோடு படுத்திருக்கும் நிலையும் இத்தகையதே. இடையிலுள்ள வெளியைக் கடக்கும் வழி தெரியாமையே குறை.

தானத்தின் நான்கு உறுப்புகள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் விரதங்களைக் கூறி, தானத்தின் இலக்கணத்தோடு முடிகிறது. தனக்கும் பிறர்க்கும் நன்மை பயக்குமாறு தன் பொருளை விடுதலே தானம் என்பதும், கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போர், கொள்வோர் என்னும் நான்கின் தன்மைக்கேற்ப அதன் பயன் வேறுபடும் என்பதும் அங்கே கூறப்படும் கருத்துகள். முனிவர்க்கு அளிக்கும் பாத்திரதானத்திற்கே இவை முதன்மையாக உரியன என்பது உண்மை. வறியவர்க்கும் நோயுற்றவர்க்கும் இரக்கத்தால் அளிப்பது கருணாதானம். ஆதிபுராணம் இதனைத் தயாதத்தி எனப் பெயரிட்டு முதலில் வைக்கிறது. இரண்டும் வேறாயினும் மேற்கூறிய நான்கு உறுப்புகளையும் கருணாதானத்திற்கும் உரைகல்லாகக் கொள்வதில் தவறில்லை. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பொருள்

பந்தியில் மிஞ்சுவது மூவகைப்படும். இலையில் மிஞ்சுவது ஒன்று. பாத்திரத்தில் மிஞ்சுவது ஒன்று. உக்கிராண அறையில் மிஞ்சுவது ஒன்று. இலையில் எஞ்சியது எச்சில். அதை மனிதர்க்கு அளித்தல் எவ்வாற்றானும் தகாது. ஏனைய இரண்டே தானத்திற்குரியன.

பாத்திரத்தில் உள்ள சமைத்த உணவுக்குக் காலவரையறை உண்டு. நம் ஆசார மரபு இதனை மரியாதை என்னும் சொல்லால் குறிக்கிறது. சோறு, பருப்பு, குழம்பு போன்ற நீர்ப்பதம் மிக்கவற்றுக்கு இரண்டு ஜாமம், அதாவது ஆறு மணி நேரம். பூரி, வடை போன்றவற்றுக்கு நான்கு ஜாமம். நீர்ப்பதம் குறைந்த பலகாரங்களுக்கு அதனினும் நீண்ட காலம் என்பது வழக்கு. அதற்குமேல் உயிர்கள் தோன்றும் என்று பெரியோர் விலக்கினர். இக்கால மருத்துவம் இதனினும் கடுமையாகப் பேசுகிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தல் கூடாது என்றும், பரிமாறும்வரை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சோற்றில் உள்ள சிலவகைக் கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு ஆறிக் கிடக்குங்கால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. பின்னர்ச் சூடாக்கினும் அந்நஞ்சு நீங்குவதில்லை.

இதனால் விளங்குவது யாது? நாம் உண்ணத் தயங்கும் வேளை வந்துவிட்டதெனில் அவ்வுணவைப் பிறர்க்குக் கொடுக்கும் வேளையும் கடந்துவிட்டது. பசித்தவர் வயிறு நம் வயிற்றினும் வலியது அன்று, பெரும்பாலும் மெலிந்தது. கெட்ட உணவால் அவருக்கு வரும் நோய் நாம் செய்த ஹிம்சையேயாகும்.

உக்கிராண அறையில் மிஞ்சும் அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், புளி, திறவாத எண்ணெய் டின் முதலியவற்றுக்கு இவ்விரைவு வேண்டுவதில்லை. இவை நாட்கணக்கில் காத்திருக்கும், நெடுந்தொலைவு செல்லும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு அடுத்த உறுப்பைக் காண்போம்.

இரண்டாவது, முறை

முறையை விளக்க ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ளது வத்தல்மலை. அடிவாரத்திலிருந்து 24 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை அடைந்தால் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்களைக் காணலாம். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் அமைந்தது அப்பெயர். கேரள நாட்டு மலையாளிகளோடு அவர்களைக் குழப்பிக்கொள்ளல் கூடாது. கேழ்வரகு, சாமை, கடுகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் பயிரிடும் உழைப்பாளிகள் அவர்கள். நெடுங்காலம் அவர்களுக்கு ஒழுங்கான சாலை இல்லாதிருந்தது. இதே மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு 2021ஆம் ஆண்டுத் தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகள்மேல் ஏற்றிச் செல்லப்பட்டன என்பதை நினைத்தால் மலைவாழ்வின் அருமை புலப்படும்.

தகடூர் என வழங்கிய தருமபுரி நமக்குப் புதிய ஊரன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், நுளம்பர் ஆட்சியில், வணிகர் குடியினர் அங்கே ஒரு ஜினாலயம் எழுப்பியதையும் அதற்கு ஊர் தானமாக விடப்பட்டதையும் தருமபுரிக் கல்வெட்டு உரைக்கிறது. போளூரை அடுத்த திருமலையில், எழினி அமைத்த இயக்கன் இயக்கி திருவுருவங்களைப் பிற்காலத்தில் புதுப்பித்த விடுகாதழகிய பெருமாளும் தகடூரை ஆண்ட அதிகமான் மரபினரே. அறம் செய்தோர் நாடாகிய அதன் மலையில் வாழ்வோரிடம் நமக்கும் ஓர் உறவு உண்டு.

இனி, தருமபுரியில் ஒரு திருமணத்தில் இருநூறு பேருக்கான சோறும் சாம்பாரும் மிஞ்சியதாகக் கொள்வோம். மலைமக்கள்பால் அன்புகொண்ட ஒருவர் அதனை வண்டியிலேற்றி வத்தல்மலைக்கு அனுப்ப விரும்பலாம். எண்ணம் நன்று; முறை நன்றன்று. பந்தி முடிந்து, பாத்திரம் மாற்றி, வண்டி பிடித்து, வளைவுகளைக் கடந்து, சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குப் பகிர்ந்து முடிப்பதற்குள் உணவின் மரியாதை கடந்துவிடும். கீழே தானமாகப் புறப்பட்டது மேலே தீங்காகச் சென்று சேரும்.

அவ்வாறாயின் மலைமக்களுக்கு உதவ வழியில்லையா? உண்டு. மலையில் ஒருவர் கடும் நோயுற்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே இறங்கி வரவேண்டும். உள்நோயாளிக்கு மருத்துவமனை உணவளிக்கிறது. உடன் வந்த மனைவியோ மகனோ தாமே உணவு தேடவேண்டும். கூலி இழந்து, கையிருப்புக் கரைந்து, நாட்கணக்கில் காத்திருக்கும் அவர்க்கு அந்த மண்டபத்துச் சோறு அரைமணி நேரத்தில் சூடாகச் சென்று சேரும். ஆகவே சமைத்த உணவு அருகிலுள்ளோர்க்கு. சமையாப் பண்டம் தொலைவிலுள்ளோர்க்கு. உக்கிராண அறையில் மிஞ்சிய அரிசியும் பருப்பும் மறுநாளோ மறுவாரமோ மலையேறட்டும். முறை என்பது இதுவே.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. இரவுணவை விலக்கிய நம் விருந்துகள் பகலிலேயே முடிகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் மிஞ்சிய உணவை ஏற்று, உறங்கிவிட்டவர்களை எழுப்பிக் கொடுக்க நேரும் தொண்டர்க்கு எத்துணை இடர்! பிற்பகல் இரண்டு மணிக்கே மிஞ்சியது தெரிந்துவிட்டால் அன்று கதிரவன் மறைவதற்குள் அது ஒருவர் பசியை ஆற்றும். நம் விரதம் பிறர்க்கும் நன்மையாவதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, கொடுப்போர்

தாதாவுக்குரிய குணங்களுள் சிரத்தை, மகிழ்ச்சி, பொறுமை, பேராசையின்மை ஆகியவற்றோடு விஞ்ஞானம் என்பதையும் நம் நூல்கள் எண்ணுகின்றன. எதை, எப்போது, யாருக்கு என அறியும் அறிவே அது. இவ்வறிவை நாடெங்கும் நடைமுறையில் காட்டிவருவோர் தொண்டர்கள்.

கோயம்புத்தூரில் 2014ஆம் ஆண்டு பத்மநாபன் கோபாலன் என்னும் இளைஞர் முதலானோர் 'நோ ஃபுட் வேஸ்ட்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். திருமண வீட்டார் தொலைபேசியில் அழைத்தால் தொண்டர் வந்து மிஞ்சிய உணவைப் பெற்று, தேவையுள்ளோர் இருக்குமிடம் கொண்டு சேர்ப்பது அவ்வமைப்பின் பணி. பின்னர் அது வேறு ஊர்களுக்கும் பரவியது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் மருத்துவர் ஒருவர் முயற்சியால் ஒரு பொதுக் குளிர்பதனப் பெட்டி வைக்கப்பட்டது. உணவுள்ளோர் அதில் வைப்பர். வேண்டுவோர் கேளாமலே எடுத்துக்கொள்வர். அரசும் இதற்கு நெறி வகுத்துள்ளது. உபரி உணவைப் பெற்றுப் பகிர்தற்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. உணவின் பெயர், சமைத்த நாள், சைவமா அசைவமா என்பன போன்ற விவரங்கள் உணவோடு செல்லவேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

இத்தொண்டர்களுள் செல்வர் மிகச் சிலரே. தானம் செல்வர்க்கே உரியது என்று எண்ணுவோர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை நினைவு கூர்க. அந்நூல் நால்வகைத் தானத்திற்கு எடுத்துக்காட்டாக நால்வரைக் கூறுங்கால் நான்காவதாக ஒரு பன்றியைக் கூறுகிறது. ஒரு முனிவரைக் காத்து நின்றதே அது செய்த தானம். கையில் ஒரு காசும் இல்லாத உயிரும் தன் உழைப்பால் தாதாவாகலாம் என்பதன்றோ இதன் கருத்து?

இங்கேதான் நம் முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. மிஞ்சிய உணவைக் கொடுப்பதில் நமக்கு இழப்பு ஏதுமில்லை. நமக்கு வேண்டாததை நீக்கிக்கொண்டோம், அவ்வளவே. அதனைக் கெடாமற் காத்து, நல்ல பாத்திரத்தில் இட்டு, நேரத்தில் உரியவரிடம் சேர்க்க நாம் செலவிடும் பொழுதும் பொருளும் உழைப்புமே நாம் விடும் சொந்தப் பொருள். அதுவே தானம். 'யாராவது வந்து எடுத்துச் செல்லட்டும்' என்று சொல்லிவிட்டு மண்டபச் சாவியைத் தேடுபவர் உணவை நீக்கியவரே. தானம் செய்தவர் அந்த அண்டாவைச் சுமந்து சென்ற தொண்டரே.

நான்காவது, கொள்வோர்

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கொடுப்பதும், பெற்றவர் பெயரையும் வறுமையையும் ஊரறியச் சொல்வதும் கொள்பவர் மனத்தைப் புண்படுத்துவன. அஹிம்சை சொல்லையும் செயலையும் மட்டுமின்றி மனத்தையும் தழுவியது.

வத்தல்மலை மக்களை இரப்போராக எண்ணுவதும் பிழை. நியாயவிலைக் கடை அரிசியும், பள்ளி மதிய உணவும், 2022இல் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் தமிழகத்தில் உள்ளன. ஆகவே மலைவாழ்வோர் அனைவரும் பசித்திருக்கிறார்கள் என்று நாம் கற்பித்துக்கொள்ளலாகாது. தனித்து வாழும் முதியவர், நோயால் உழவு விட்டவர், வேலைதேடி மகன் வெளியூர் சென்ற வீட்டின் தாய் எனத் தேவையுள்ளோர் எங்கும் சிலர் உளர். அவர் யார் என்பதை மண்டபத்திலிருக்கும் நாம் அறியோம்; அவ்வூரிலே வாழ்பவர் அறிவர். உள்ளூர்த் தொண்டரின் தேவை இதனாலேயே இன்றியமையாததாகிறது. எந்த வீட்டிற்கு எதனைச் சேர்ப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும், 'எது வேண்டும்?' என்று முதலில் கேட்டபின் நாம் அனுப்புவோம்.

அம்மக்களிடம் நாம் கற்கவேண்டுவதும் உண்டு. உமி நீக்காத சாமையும் கேழ்வரகும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பவை. வேண்டும்போது வேண்டிய அளவே குத்தி எடுத்துச் சமைக்கும் வாழ்வில் மிச்சம் என்பதற்கு இடம் குறைவு. ஐந்நூறு பேர் வரும் விருந்துக்கு எண்ணூறு பேருக்குச் சமைப்பதைப் பெருமையாகக் கருதும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். போகோபபோக பரிமாணம் என்று அளவையே விரதமாக வைத்த சமயம் நம்முடையது. அளவாகச் சமைத்தல் முதல் அறம். அளவு தவறி மிஞ்சியதைக் காத்துச் சேர்த்தல் இரண்டாம் அறம். இரண்டாவதைச் செய்கிறோம் என்னும் நிறைவில் முதலாவதை மறவாதிருப்போமாக.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

விருந்து நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அவ்வூரில் உணவு சேர்க்கும் தொண்டர் யார் எனக் கேட்டறிந்து, நேரத்தையும் அளவையும் அவரிடம் கூறி வைத்தல் வேண்டும். மிஞ்சியபின் தேடத் தொடங்கினால் உணவு காத்திராது.

தலைமைச் சமையற்காரரிடம் ஒரே தடவையில் அனைத்தையும் வடித்துவிடாமல், பந்திக்குப் பந்தி பார்த்து உலையேற்றச் சொல்லலாம். அரிசியாக மிஞ்சுவது சோறாக மிஞ்சுவதினும் நன்று.

மூடியுள்ள தூய பாத்திரங்கள் சிலவற்றை இதற்கெனவே ஒதுக்கி, சமைத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டவேண்டும். தயிரும் தேங்காய்ச் சட்டினியும் கலந்தவை விரைவில் கெடுமாதலின் அவற்றைத் தனியே பிரித்தல் நலம்.

குடும்பத்தில் ஒருவர், இயன்றால் இளையவர் ஒருவர், உணவோடு உடன் செல்லவேண்டும். கொடுக்கும் கையும் கொள்ளும் கையும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்தால், அந்த இளைஞர் தம் வாழ்நாளில் இலையில் சோற்றை மிச்சம் வைக்கமாட்டார்.

உக்கிராண அறைப் பண்டங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் ஒரு பங்கையேனும் தொலைவிலுள்ள மலையூர்களுக்கு அங்குள்ள தொண்டர் வழியே அனுப்பலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. விருஷபதேவர்க்கு மக்கள் அளிக்க முன்வந்தவை ஏன் ஏற்கத்தக்கன ஆகவில்லை? இன்று நாம் அளிப்பவற்றுள் அத்தகையன எவை?

2. சமைத்த உணவுக்கு நம் ஆசாரம் கூறும் மரியாதைக்கும் இக்கால மருத்துவம் கூறும் காலவரையறைக்கும் உள்ள ஒற்றுமை யாது?

3. வத்தல்மலையிலுள்ள முதியவர் ஒருவர்க்கும், மருத்துவமனையில் காத்திருக்கும் அவர் மகனுக்கும் நாம் அனுப்பத்தக்கவை எவை? ஏன் வேறுபடுகின்றன?

4. நம் இல்லத்தில் கடைசியாக நடந்த விருந்தில் மிஞ்சியது எவ்வளவு? அது எங்கே சென்றது?

நான்காம் வினாவுக்கு நூலில் விடையில்லை. குடும்பத்தார் ஒன்றுகூடி அமர்ந்து, பெரியோரும் சிறியோரும் கலந்து பேசி விடை காணவேண்டும். அடுத்த மங்கல நாளுக்கு முன் அவ்விடை கிடைத்துவிட்டால் இப்பாடம் பயன்பெற்றதாகும்.

அறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புறுக!